வெயில் காலத்துக்கு எந்தச் செருப்பு? காலைக் கேட்டு வாங்குங்க!

சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போய்விட்டு வந்தார் எங்கள் அப்பா. 14 கிலோமீட்டர், வெறுங்கால். கூட்டம் அதிகம் இருக்கும் என்று பகல் மூன்று மணிக்கே நடக்கத் தொடங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், "கால் வலிக்குதாப்பா?" என்று கேட்டேன். "ஒண்ணுமே தெரியலம்மா, சாமி புண்ணியம்" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால், படுக்கையிலிருந்து குளியலறை வரைக்கும் தரையில் ஈரத் தடம். தண்ணீர் இல்லை. இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து நீர் வடிந்திருந்தது. அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய். வலி தெரியாமல் போனதற்குக் காரணம் புண்ணியம் இல்லை, காலில் உணர்ச்சி குறைந்து போனதுதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்தப் புண் ஆற ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது.

வெயில் வந்தால் தொப்பி, குடை, மோர், இளநீர் என்று எல்லாவற்றையும் யோசிக்கிறோம். காலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கடைக்குப் போனால் கலர் நல்லா இருக்கா, விலை எவ்வளவு என்று பார்த்துச் செருப்பு வாங்கிவிடுகிறோம். இந்த மாதப் பாடம், கோடைக்கு ஏற்ற காலணியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான். உங்கள் கையில் இருக்கும் செல்போனும் இதில் உதவும்.

வெயிலில் காலுக்கு என்ன ஆகிறது?

மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

முதலாவது, சூடு. காற்றின் வெப்பம் 38 டிகிரி என்று செய்தியில் சொல்வார்கள். ஆனால் நேரடி வெயில் படும் தார் ரோடும் கருங்கல் தரையும் அதைவிட ரொம்ப அதிகமாகச் சுடும். உச்சி வேளையில் தார் ரோடு 60 டிகிரியைத் தொடுவதும் உண்டு. அந்தச் சூட்டில் தோல் வெந்துபோகச் சில நொடிகளே போதும்.

இரண்டாவது, வீக்கம். உடம்பு சூட்டை வெளியேற்ற இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நின்றுகொண்டே இருந்தால் நீர் காலில் இறங்குகிறது. அதனால் காலையில் சரியாக இருந்த செருப்பு சாயங்காலம் இறுக்குகிறது.

மூன்றாவது, வியர்வை. உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. மூடிய ஷூவுக்குள் அந்த ஈரம் தங்கினால் தோல் ஊறிவிடும். ஊறிய தோல் உராய்ந்தால் கொப்புளம் வரும். விரல் இடுக்கில் பூஞ்சை பிடித்தால் சேற்றுப்புண் வரும். நாற்றம் வருவதும் இதனால்தான். இன்னொரு பக்கம், நாள் முழுக்கத் திறந்த செருப்போடு புழுதியில் நடந்தால் குதிகால் காய்ந்து பித்த வெடிப்பு வரும்.

ஆக, கோடைக் காலணிக்கு நான்கு வேலை: சூட்டைத் தடுக்கணும், காற்று போகணும், வீக்கத்துக்கு இடம் விடணும், காலைப் பிடித்து நிறுத்தணும்.

அளவு: ஒரு வெள்ளைப் பேப்பர் போதும்

"நான் எப்பவுமே எட்டு சைஸ்தான்" என்று சொல்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நம் கடைகளில் பெரும்பாலும் யூகே சைஸ் எழுதியிருக்கும். ஒரு யூகே சைஸுக்கும் அடுத்ததற்கும் சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஆன்லைனில் சிலர் யூஎஸ் சைஸ் போடுவார்கள், சிலர் 41, 42 என்று யூரோ சைஸ் போடுவார்கள். ஆண்களுக்கான யூகே 7 என்பது யூஎஸ்ஸில் ஏறக்குறைய 8. இது தெரியாமல் ஆர்டர் போட்டுவிட்டு, திருப்பி அனுப்பி அலைபவர்கள் நிறைய.

நம் காலின் அமைப்பும் வேறு. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் கால்களை முப்பரிமாண ஸ்கேனர் மூலம் அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக மேற்கத்தியர்களின் பாதத்தைவிட அகலமானது என்று அந்த ஆய்வில் தெரிந்தது. அதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் நமக்கென்று தனி அளவு முறையும் முன்மொழியப்பட்டது. நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் இறுக்குகிறது என்று நாம் புலம்புவதற்குக் காரணம் இதுதான். அகலத்துக்காக ஒரு சைஸ் பெரியதாக வாங்கிவிடுவோம். நீளம் அதிகமாகி நடக்கும்போது குதிகால் கழன்று கழன்று வரும்.

வீட்டிலேயே இப்படி அளந்து பாருங்கள்:

1. சாயங்காலம் அளக்கவும். அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். கடைக்குப் போவதும் சாயங்காலமே நல்லது.
2. ஒரு வெள்ளைப் பேப்பரைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரில் படும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளக்கக் கூடாது. எடை விழும்போதுதான் பாதம் விரியும்.
3. வேறொருவரை விட்டுப் பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றி வரையச் சொல்லுங்கள்.
4. குதிகாலிலிருந்து நீளமான விரல் வரை எத்தனை சென்டிமீட்டர், அகலமான இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று குறியுங்கள். எல்லோருக்கும் கட்டைவிரல்தான் நீளம் என்று இல்லை. சிலருக்கு இரண்டாவது விரல் நீளம்.
5. இரண்டு காலையும் அளக்கவும். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரியதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

இந்தப் பேப்பரைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது சைஸ் எண்ணைப் பார்க்காமல், அந்த நிறுவனம் கொடுத்திருக்கும் சென்டிமீட்டர் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். மூடிய காலணி என்றால் நீளமான விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். திறந்த சாண்டல் என்றால் விரலோ குதிகாலோ விளிம்பைத் தாண்டித் தொங்கக் கூடாது.

"போட்டுப் பழகினா லூஸாயிடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். போட்ட முதல் நிமிஷமே சௌகரியமாக இருப்பதுதான் சரியான அளவு. கடைக்குள்ளேயே பத்து அடி நடந்து, திரும்பி, ஒருமுறை குந்தி எழுந்து பாருங்கள்.

எதால் செய்தது? தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்

மேல்பாகத்துக்குத் தோல், பருத்தித் துணி, வலை போன்ற மெஷ் துணி ஆகியவை நல்லது. காற்று போகும். ரெக்சின், பிளாஸ்டிக் என்றால் வியர்வை உள்ளேயே நிற்கும். வாரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தையல் முடிச்சு, கூரான விளிம்பு, ஆணி முனை எதுவும் தட்டுப்படக் கூடாது. கடையில் லேசாகக் குத்துவது, இரண்டு கிலோமீட்டர் நடந்தால் புண்ணாகும்.

அடிப்பாகம் எனும் சோலில் வகைகள் பல. பிவிசி விலை குறைவு. ஆனால் கெட்டியாக இருக்கும், வியர்வையை உறிஞ்சாது. ஈவிஏ லேசாகவும் மெத்தென்றும் இருக்கும். ஆனால் நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிடும். பியூ மெத்தென்று நீண்ட நாள் உழைக்கும். ஆனால் போடாமலே வருஷக்கணக்கில் எடுத்து வைத்தால் ஈரக்காற்றில் உதிர்ந்துபோகும். "கல்யாணத்துக்கு வாங்கி வச்ச ஷூ, எடுத்துப் போட்டதும் பிஞ்சு போச்சு" என்பதன் காரணம் இதுதான். நல்ல ரப்பர் சோல் பிடிமானம் தரும்.

கடையில் நின்றபடியே மூன்று சோதனை செய்யலாம்:

வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் முன்பகுதியில்தான் வளைய வேண்டும். நடுவில் பேப்பர் மாதிரி மடங்கினால் அது காலைத் தாங்காது.

முறுக்கிப் பாருங்கள். ஈரத்துணி பிழிவது போல் எளிதாக முறுக்கிக்கொண்டால் வேண்டாம்.

அழுத்திப் பாருங்கள். உள்தளம் கட்டைவிரலுக்கு மெத்தென்று அமுங்கி, விட்டதும் மேலே வர வேண்டும். வெளிச்சோல் தடிமனாக, கெட்டியாக இருக்க வேண்டும். ரொம்ப மெல்லிய சோல் தார் ரோட்டின் சூட்டை அப்படியே உள்ளே விடும்.

ஹவாய் செருப்பு போடலாமா?

வீட்டுக்குள்ளும் குளியலறைக்கும் பக்கத்துக் கடைக்கும் தாராளமாகப் போடலாம். ஆனால் நாள் முழுக்க நடப்பதற்கு அது ஏற்றது அல்ல. குதிகாலைப் பிடிக்க வார் இல்லாததால், செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் இறுக்கிப் பிடிக்கின்றன. மாலையில் கெண்டைக்கால் வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். விரல் இடுக்கில் வார் உராய்ந்து புண்ணும் வரும். இருசக்கர வண்டி ஓட்டும்போது அது நழுவி பிரேக்கில் சிக்கினால் ஆபத்து. பின்னால் வார் உள்ள சாண்டலே வண்டிக்குப் பாதுகாப்பு.

யாருக்கு எது?

வெயிலில் அலைபவர்களுக்கு: டெலிவரி வேலை, கட்டட வேலை, சந்தை வேலை செய்பவர்கள் தடித்த சோலும் பின்வாரும் உள்ள காலணி போட வேண்டும். பாதுகாப்பு ஷூ, கம் பூட் கட்டாயம் என்றால், இரண்டு ஜோடிப் பருத்தி சாக்ஸ் எடுத்துப்போய் மதியம் மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஷூவைக் கழற்றிக் காலைக் காற்றில் விடுங்கள்.

நின்றே வேலை செய்பவர்களுக்கு: துணிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் கவனிக்க வேண்டியது குதிகால் மெத்தை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் செய்யப்பட்டது. நல்ல செருப்பு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இடையில் கிடைக்கும் ஐந்து நிமிஷ உட்காரல்.

பிள்ளைகளுக்கு: "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெருசா வாங்கு" என்பது பழக்கம். தொளதொளவென்று இருந்தால் தடுக்கி விழும். சிறியதாகிப் போனதை அண்ணன் போட்டது என்று தம்பிக்குக் கொடுப்பதும் சரியல்ல. அது அண்ணன் நடையில் தேய்ந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். பள்ளியில் விலையில்லாக் காலணிக்கு அளவு கேட்கும்போது, குத்துமதிப்பாகச் சொல்லாமல் அளந்த அளவைக் கொடுத்து அனுப்புங்கள்.

பெரியவர்களுக்கு: வழுக்காத சோல், குனியாமல் ஒட்டிக்கொள்ளக்கூடிய வெல்க்ரோ பட்டை, தாழ்வான குதிகால் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தனியாகப் படிக்க வேண்டியது

வலி என்பது உடம்பு அடிக்கும் அபாய மணி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் கையும் காலும் சிதைவதற்கு முக்கியக் காரணம், உணர்ச்சி போனதால் காயத்தை அவர்கள் கவனிக்காமல் விடுவதே என்று எடுத்துக் காட்டினார். உணர்ச்சியற்ற காலுக்கு மெத்தென்ற உள்தளமும் கெட்டியான வெளிச்சோலும் வேண்டும் என்ற பாடம் அந்த அனுபவத்தில் வந்ததுதான். இன்று எம்சிஆர் செருப்பு என்று மருத்துவமனைகளில் சொல்வது, நுண்துளைகள் கொண்ட மிருதுவான ரப்பர் உள்தளம் போட்ட செருப்பு. சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை இவை:

வெறுங்காலோடு நடக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்பு போடணும்.

விரலிடுக்கில் வார் வரும் செருப்பு வேண்டாம். பின்வாரும் இறுக்கம் மாற்றும் பட்டையும் உள்ளதை வாங்குங்கள்.

போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். சிறு கல், முள், ஆணி காலுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் இருந்தால் அந்த இடத்தில் அழுத்துகிறது என்று அர்த்தம்.

தினமும் இரவு உள்ளங்காலைப் பாருங்கள். குனிந்து பார்க்க முடியவில்லை என்றால் செல்போனில் போட்டோ எடுங்கள்; பெரிதாக்கிப் பார்க்கலாம். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதிகாலையிலோ இரவிலோ போங்கள். பகலில் போனால் நிழலிலும் தேங்காய் நார் விரிப்பு போட்ட பாதையிலும் நடங்கள். அனுமதி உள்ள இடத்தில் தடித்த பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். எங்கள் அப்பா அடுத்த வருஷமும் கிரிவலம் போனார். இரவு ஒன்பது மணிக்கு மேல், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சாக்ஸோடு. "சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல" என்றார்.

கால் சுட்டுவிட்டால் உடனே ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் "சின்னக் கொப்புளம்தானே" என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

பராமரிப்பு

ஒரே காலணியைத் தினமும் போடாமல் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால் ஈரம் காய நேரம் கிடைக்கும். தோல் செருப்பை நேர் வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். கால் கழுவியதும் விரல் இடுக்கை நன்றாகத் துடையுங்கள். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம், விரல் இடுக்கில் தடவ வேண்டாம். நகத்தை ஓரம் தோண்டாமல் நேராக வெட்டுங்கள். சோல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கையில் இருக்கும் சேவைகள்

தரம்: 2024 ஆகஸ்ட் 1 முதல் பல வகைக் காலணிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறையில் இருக்கிறது. சிறு உற்பத்தியாளர்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதன் கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் முத்திரை உண்மையா என்று தெரிந்துவிடும்.

பில்: கட்டாயம் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருந்தால் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. கடைக்காரர் கேட்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: குறை உள்ள பொருளுக்குத்தான் இந்த உரிமை, கலர் பிடிக்கவில்லை என்பதற்கு இல்லை.

உடல்நலம்: மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை கொடுக்க வருபவரிடம், "என் காலையும் ஒருமுறை பாருங்கம்மா" என்று சொல்லத் தயங்காதீர்கள். அரசு மருத்துவமனையில் காலின் உணர்ச்சியைச் சோதித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனை அது. வலிக்காது, சில நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இன்றைக்குச் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம்

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, வாசலில் கிடக்கும் உங்கள் செருப்பைத் திருப்பி, சோல் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு, சாயங்காலம் வீட்டில் எல்லோருடைய காலையும் பேப்பரில் வரைந்து அளவெடுங்கள். பிள்ளைகள் ஆசையாக வரைவார்கள். மூன்று, வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால், இன்று இரவு அவர் உள்ளங்காலை நீங்களே ஒருமுறை பாருங்கள். "வலிக்குதா?" என்று கேட்டால் மட்டும் போதாது. எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் நிம்மதியாகத் தூங்கப் போனோம்.